பாதிக் கப்பல் வள்ளியிடம்

ஜெலுத்தோங் மரத்தை அறுக்கும்போது புளித்த மாவைப் போல இலேசான வாசனை ஒன்று வரும். கீழே மிளகாயும் மல்லியும் அரைக்கிற மில்லின் நெடி மாடி வரை ஏறிக் கண்ணைக் கரிக்கும் பிற்பகல்களிலும், டிரங்குப் பெட்டியின் விளிம்பில் பலகையை அழுத்திப் பிடித்து அறுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் புளிப்பு மட்டும் தனியாகத் தெரியும்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடி அது. என் அப்பாவும் அவரைப் போலக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த சிலரும் அங்கே பாய் விரித்துக் குடியிருந்தார்கள். எல்லாருக்கும் துறைமுகத்தில் வேலை. பள்ளிக்கூடத்துக்காக அப்பா என்னை மட்டும் கப்பலேற்றிக் கூட்டிவந்திருந்தார். அம்மாவும் தங்கை வள்ளியும் பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார்கள். எப்போது வருவார்கள் என்று கேட்டால், "பெர்மிட்டு வந்ததும் அடுத்த கப்பல்ல வந்துருவாங்கடா" என்பார். அடுத்த கப்பல் போய் அதற்கடுத்ததும் வந்தது. சந்துப் பிள்ளைகளோ என் பேச்சைக் கேட்டாலே "டேய் ஊர்க்காரன்" என்று சிரித்தார்கள், அதனால் பள்ளி விட்டதும் நேராக மாடிக்கு வந்து அப்பா வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தனிமை என்ற சொல்லெல்லாம் அப்போது தெரியாது. வயிற்றுக்குள் ஏதோ காலியாக இருக்கும், பசி என்று நினைத்துக்கொண்டு ரொட்டி தின்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனபோது வில் போல வளைந்த கைரம்பம் ஒன்று கிடைத்தது. பள்ளி அலமாரியில் ஒரு ஜிக்சா இருந்தது, துண்டு துண்டாக வெட்டிய மரப்படம். அதே போல ஒன்றை வள்ளிக்கு நானே செய்துவிடலாம் என்று எனக்கு வெறி பிடித்துக்கொண்டது.

செய்துவிடலாம் என்பது வாயால் சொல்லத்தான் சுலபம். முதலில் தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையை எடுத்தேன். ஓரமெல்லாம் சிலும்பு சிலும்பாகப் பிய்ந்து, நடுவில் ஒளிந்திருந்த ஆணியில் பட்டு பிளேடு ஒடிந்தது. பிறகு படம் எது என்ற கேள்வி. மாடியில் தொங்கிய காலண்டர் அத்தனையிலும் சாமி. முருகன் படத்தைக் கழற்றிக் கஞ்சிப்பசை தடவப் போனேன். அப்பா பதறிப்போனார். "முருகன் மூஞ்சியில ரம்பத்த வைப்பியா? அறிவிருக்கா ஒனக்கு?" அதோடு சாமிகள் தப்பித்தார்கள். கடைசியில் துறைமுகத்து ஆபீசில் தூக்கிப்போட்ட பழைய காலண்டர் ஒன்றை அவரே கொண்டுவந்தார், அதில் புகைபோக்கியிலிருந்து புகை விடும் வெள்ளைக் கப்பல். வள்ளி கப்பலையே பார்த்ததில்லை. அவளுக்கு இதைவிட நல்ல படம் ஏது?

பலகை ரோச்சோர் கால்வாயோரத் தச்சுப் பட்டறையின் கழிவுக் குவியலில் கிடைத்தது. மெல்லிய ஜெலுத்தோங், வெண்ணெய் நிறம், நகத்தால் கீறினால் தடம் பதியும். ஒரே மரம், ஒட்டு இல்லை, ஆணி இல்லை. பிளேடு வாங்கப் போன இரும்புக்கடையில் தவுக்கே, அதாவது சீன முதலாளி, இரண்டு கட்டுகளை மேசையில் போட்டு, "மாவ் ஹாலுஸ்? மாவ் காசார்?" என்று மலாயில் கேட்டார், நைசா, முரடா என்று அர்த்தம். முரட்டு பிளேடு சுலபத்தில் ஒடியாது, ஆனால் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடும். என் கப்பலில் இடைவெளியா? தலைமுடி போலிருந்த நைஸ் பிளேடைத்தான் வாங்கினேன். பல் கீழ்ப்பக்கம் பார்க்க மாட்ட வேண்டும் என்று தெரியாமலும் அவசரப்பட்டும் பாதிக் கட்டு பிளேடை ஒடித்துத் தீர்த்தேன். மெழுகுவத்தியைப் பல்லில் தேய்த்து, மூச்சைக்கூட மெதுவாக விடப் பழகிய பிறகுதான் வெட்டு வளைந்து ஓடியது. முடிந்ததும் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஒரு துண்டுகூட உதிரவில்லை, கப்பல் முழுசாக எழும்பி வந்தது. மாடியில் அப்போது யாருமில்லை, காட்டுவதற்கு.

அந்த மாதம் எங்களோடு தங்கியிருந்த முத்தையா சித்தப்பா ஊருக்குக் கப்பலேறினார். அவர் பையில் வைக்கக் கப்பலின் முன்பாதியைத் துணியில் முடிந்து கொடுத்தேன், பின்பாதியைப் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டேன்.

"பாதி எதுக்குடா? முழுசாக் குடுத்தா புள்ள வெளையாடுமில்ல?" என்றார் சித்தப்பா.

"மீதிக்கு அவ இங்க வரட்டும்" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார்.

வந்தார்கள். ஆனால் எனக்கு மீசை அரும்பிய பிறகு. அப்பா சந்துக்குள்ளேயே ஓர் அறை பிடித்திருந்தார். பாவாடை தாவணியில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றவள்தான் வள்ளி என்று நம்பவே எனக்கு நேரம் பிடித்தது. என்னைப் பார்த்து "சாப்பிட்டீங்களாண்ணே" என்றாள், விருந்தாளியைக் கேட்பது போல. எத்தனை வருடமாகப் பேசுவதற்குச் சேர்த்துவைத்திருந்தேன். "ம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கப் போனேன். அன்று சாயங்காலம் அவளே துணி முடிச்சைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நிறம் மாறியிருந்தது, ஒரு துண்டும் தொலையவில்லை.

தரையில் அடுக்கினோம். அவள் பாதி அவளுக்குச் சேர்ந்தது, என் பாதி எனக்குச் சேர்ந்தது, இரண்டையும் இணைக்கப் போனால் மேலே பொருந்தினால் கீழே இடித்தது, கீழே அழுத்தினால் மேலே கிளம்பியது. பரமக்குடி வெயிலில் அவள் பாதி காய்ந்து குறுகியிருந்தது, ஈரக்காற்றில் கிடந்த என் பாதி ஊறி உப்பியிருந்தது. முரட்டு பிளேடால் வெட்டியிருந்தாலாவது கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும். நாள் நாளாகக் காத்திருந்தது இதற்குத்தானா? உப்புத்தாளை எடுத்து ஓரத்தைத் தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதீங்கண்ணே" என்று கையால் மறைத்தாள் வள்ளி. "எங்க வீட்டுக் கதவும் இப்படித்தான், மழைக்கு ஊறிப் புடிச்சுக்கும், வெயிலுக்குச் சரியாப் போயிரும். எல்லாத்தையும் ஒரே டின்னுல போட்டு வைங்க. கொஞ்ச நாளாகும்."

போட்டு வைத்தேன், மறந்தும் போனேன். ஒரு மழைக்காலம் கழிந்து வேலை தேடி அலைந்துவிட்டு நான் வீடு திரும்பிய ஒரு நாள், தரையில் கப்பல் முழுசாகக் கிடந்தது. வள்ளி ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள், எதுவும் உதிரவில்லை. "எங்கண்ணே போயிட்டே இவ்வளவு நேரம்? கத்திக் கூப்பிடலாம்னு பாத்தேன்" என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சுக்கு அம்மா வந்து அதட்ட வேண்டியதாயிற்று.

இப்போது அந்தச் சந்தில் தங்கும் விடுதி இருக்கிறது. தவுக்கேயின் கடை போய்விட்டது, சுங்கை ரோட்டுச் சந்தையும் மூடியாயிற்று. ஆங் மோ கியோவில் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்த வள்ளி போன வருடம் போய்ச் சேர்ந்தாள். அவளிடமே இருந்த டின்னை அவள் மகள்தான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். மகன் வீட்டில் என் அறையில் வைத்துக் கப்பலை அடுக்கி, பழைய ஞாபகத்தில் மூலையைப் பிடித்துத் தூக்கினேன். பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அவள் வீட்டில் வருடக்கணக்காக ஓடிய ஏர்கான் காற்றில் மொத்தமும் காய்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து என் அறையில் சன்னலைத் திறந்துவைத்து, ஏர்கானை நிறுத்திவிட்டேன். "ஏன்ப்பா இந்த வெக்கையில உக்காந்திருக்கீங்க? போட்டுக்கலாம்லா" என்கிறான் மகன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். டின்னை மடியில் வைத்துக்கொண்டு கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொள்கிறேன். கொஞ்ச நாளாகும்.