சீன மேசைக்கு ஒரு குங்குமப் பொட்டு

துறைமுகத்தைப் பார்த்த ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்கிறேன். சின்யோரா என்று நான் கூப்பிடும் வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் பழைய சீன மேசை ஒன்று இருக்கிறது. கறுத்த கடின மரம். இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்தவை. ஆணியே இல்லை. ஒரு மரத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. முன்னோருக்குப் படையல் வைக்கச் செய்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துவிட்டு, சின்யோரா அதன்மேல் மதுப் போத்தல்களை அடுக்குவார்.

பாலர் பள்ளி மூடும் நாட்களில் நாலு வயது மகளை நான்தான் வேலைக்குக் கூட்டிப்போக வேண்டும். "பிள்ளை எதையாவது தொட்டால் இரண்டு பேரும் வரவேண்டாம்" என்று சின்யோரா முதலிலேயே சொல்லியிருந்தார்.

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் அது. வீட்டில் தையல் மெசின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தோம். கோயில் குங்குமம் என் கைப்பையில் கிடந்தது. நான் குசினியில் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தபோது மகள் சிவந்த விரலோடு நின்றாள்.

"அம்மா, இது சாமி மேசையாம். நான் பொட்டு வைச்சிட்டன்!"

ஈரத் துணியால் துடைத்தேன். மேலே இருந்தது போய்விட்டது, மரப் பூட்டின் இடுக்கில் சிவப்பு நின்றுவிட்டது. எண்ணெய் போடலாமா, போட்டால் மரம் கெட்டுவிடுமா என்று தடுமாறும்போதே, மேசையை மதிப்பிட வந்த பழம்பொருள் வியாபாரியோடு சின்யோரா உள்ளே வந்தார்.

வியாபாரி குனிந்து டோர்ச் அடித்தார். "சின்யோரா! பூசைச் செந்தூரம்! எத்தனை தலைமுறையாக ஊறியிருக்கிறது!"

பிறகு தெரியவந்தால் இன்னும் மோசமாகும் என்று பயந்து, "அது என் மகள் இன்று காலை வைத்தது" என்றேன். குங்குமப் பொட்டலத்தையும் நீட்டினேன். இருவரும் நம்பாமல் சிரித்தார்கள்.

"இது சீன மேசை, உங்கள் இந்தியாவுடையது அல்ல" என்று வியாபாரி குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் யாழ்ப்பாணத்தாள். அதைத் திருத்தவும் எனக்கு மனம் வரவில்லை. மயிரிழை நுழையாமல் அந்தப் பூட்டை வெட்டிய கையைப் பற்றி அந்த நிபுணர் ஒரு சொல் பேசவில்லை. என் பிள்ளையின் குங்குமத்தைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"நீ ஏனப்பா வாய் திறந்தனீ? வேலை போயிருந்தால்?" என்று இரவு கணவர் கேட்டார்.

"நான் சொல்லுறதை அவையள் எப்ப கேட்டவை, வேலை போக?"

மறுநாள் சின்யோரா வாசலிலேயே சொன்னார்: "அந்தச் சிவப்பைத் துடைக்காதே, அதனால் விலை கூடுமாம். பிள்ளை வரட்டும், ஆனால் கூடத்துக்குள் விடாதே."

"சரி, சின்யோரா" என்றேன். இந்த இரண்டு பேருக்குப் பயந்தா நேற்று ஈரத் துணியோடு தடுமாறினேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.