டொக்டரின் கைக்குள் வயர்

வீடியோ டெக் வாடகைக்கு விடும் தொழிலில் டெக்கைத் துடைப்பது சுலபம். படம் பார்க்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வதுதான் சீவனை வாங்கும். தெரியாத பாஷைப் படத்துக்குக் கதை சொல்லி மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு என் பாடு விளங்கும்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் கல்முனையில் எனக்கு அதுதான் பிழைப்பு. சவூதியிலிருந்து வந்த மச்சான் தந்த இங்கிலீசுப் படக் கெசட் ஒன்று என்னிடம் இருந்தது. வேற்றுக் கிரகத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கும் ஒரு நல்ல டொக்டர். ஒருநாள் அவர் கை வெட்டுப்படுகிறது. இரத்தத்துக்குப் பதில் வயர் தெரிகிறது. ஆள் மெசின். அது அவருக்கே தெரியாது. ஊர் கூடி, சுவிச்சைத் திருகி, விளக்கை அணைப்பதுபோல் அவரை நூர்த்துவிடத் தீர்மானிக்கிறது. நூர்க்க வந்த நேரம் டொக்டர் பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை அழுததும் கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்து, நூருங்கள் என்கிறார். என் இங்கிலீசு எட்டாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தை நடிகர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ஓதிப் பார்த்த படம்

முதலில் சாய்ந்தமருதில், ஒரு தோணிக்காரர் வீட்டில், ழுஹர் தொழுகைக்குப் பிறகு போட்டேன். படத்தின் அடியில், பேச்சின் மொழிபெயர்ப்பாக, அறபு எழுத்து ஓடியது. குர்ஆன் எழுத்தைக் கண்டதும் முன்வரிசை தொப்பியைத் தேடியது. டீவிப் பக்கம் கால் நீட்டியிருந்தவர் காலை மடக்கினார்.

கரைவலை இழுக்கும் பக்கீர் காக்காவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். எழுத்து வந்தபோதெல்லாம் உரத்து ஓதத் தொடங்கினார். பாதி ஓதுவதற்குள் எழுத்து மறைந்துவிடும், “நிப்பாட்டு மகன்!” என்பார். கையில் வயர் தெரிந்த இடத்தை அவர் நல்ல ராகத்தில் ஓதி முடிக்க, பின்னாலிருந்து ஒருவர் “ஆமீன்” என்றார். அது துஆ இல்லை, தான் மெசின் என்று டொக்டர் இப்போதுதான் அறிகிறார் என்று நான் விளக்கினேன். காக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“நான் ஓதுறன், என்னத்த ஓதுறனெண்டு தெரியா. அவன் வைத்தியம் பாக்கான், தான் ஆரெண்டு தெரியா. ரெண்டு பேரும் ஒரே கொம்பனிச் சாமான் போலதான் கிடக்கு.”

போடியாரின் ஆசை

சம்மாந்துறையில் ஒரு போடியார், பெரிய வயல்காரர், அறுவடை முடிந்த சந்தோசத்தில், வேலையாட்களுக்குப் படம் காட்டக் கூப்பிட்டார். நெல் மூட்டை அடுக்கிய ஸ்டோருக்குள் டீவியை வைத்தோம். போடியாருக்குக் கதையில் அக்கறை இல்லை. டொக்டர் சோறு தின்பாரா என்று கேட்டார். இல்லை என்றேன். நித்திரை கொள்வாரா? இல்லை. காய்ச்சல் என்று வீட்டில் நிற்பாரா? அதுவும் இல்லை. “இப்படி நாலு பேர் கிடைச்சாப் போதுமே, வயலெல்லாத்தயும் வெட்டி முடிச்சிரலாம்” என்று பெருமூச்சு விட்டார்.

பின்மூட்டையில் சாய்ந்திருந்த வேலையாள் இஸ்மாயில் இடது கையைத் தூக்கினான். அதில் அந்தப் போகம் அரிவாள் பட்ட காயம் இன்னும் சிவப்பாக இருந்தது. வெட்டுப்பட்ட அன்றைக்கும் அவன் பின்நேரம்வரை நின்று வெட்டிவிட்டுத்தான் போனானாம்.

“போடியார், அவன்ட கையில வயரக் கண்டு மெசினெண்டு பிடிச்சாங்க. என்ட கையில ரெத்தத்தக் கண்ட நேரம் நீங்க மனிசனெண்டு பிடிச்சிருக்கலாமே?”

சீலைக்கு அந்தப் பக்கம்

மருதமுனையில் பெண்களுக்கென்று பின்நேரக் காட்சி. அவர்களும் டீவியும் ஒரு பக்கம், நடுவில் சீலை, இந்தப் பக்கம் நான். படம் என் கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் கதை சொன்னேன். டொக்டரின் மனைவி வயரைக் கண்டு கத்தும் இடம் வந்தது. “இவன் இனி என்ட மாப்புள இல்லையெண்டு சொல்றா” என்றேன்.

சீலைக்கு அப்பாலிருந்து ஜெமீலா ராத்தாவின் குரல் கேட்டது. அவருடைய கணவர் குவைத்துக்குப் போய் மூன்று வருடம். கடிதம் எழுத வராத மனிதர். கெசட்டில் பேசி அனுப்புவார்.

“என்ட மாப்புள மூணு வருசமா பெட்டிக்குள்ள இருந்துதான் கதைக்கார். நான் அவருக்கும் சோறு போட்டு வெச்சித்தான் கேக்கன். இவளுக்கு வீட்டுக்குள்ளயே ஒருத்தன் இரிக்கான். வயர் இருந்தா என்ன? அவள வாயப் பொத்தச் சொல்லு தம்பி.”

பள்ளி நிர்வாகம் பார்த்தது

மனிதனைப் படைக்கிற படம் ஒன்றை நான் ஊர் ஊராகக் காட்டுகிறேன் என்று பள்ளிவாசலுக்குச் செய்தி போய்விட்டது. நிர்வாகத்தார் மூன்று பேர். தலைவர் ஹாஜியார் சிரித்து யாரும் கண்டதில்லை. அவர் வேண்டாம் என்றால் கல்முனையில் எனக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள். பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக, அஸர் தொழுகைக்குப் பிறகு தன் வீட்டுக்கே டெக்கைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் கதை சொன்னேன்.

படத்தில் ஊர்க்கூட்டம் வந்தபோது மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டொக்டர் பிள்ளையைத் தாயிடம் கொடுத்து, கை கழுவி, கதிரைக்கு வந்தார். சுவிச்சைத் திருகினார்கள். படம் முடிந்து டீவியில் வெறும் புள்ளி பறந்தது. மற்ற இருவரில் ஒருவர் மெதுவாக, “றூஹு, உசிரு இல்லாத சாமான்தானே ஹாஜி, நூத்தா என்ன?” என்றார். ஹாஜியார் சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“றூஹு இல்லாதது அந்த ஊர் நிர்வாகத்துக்கு. படத்த நீ ஓட்டு. ஆனா அந்த மனிசன நூத்தாங்களெண்டு மட்டும் எங்கயும் சொல்லிராத.”

அதன்பிறகு ஊர் ஊராக, டீவியில் அவர் நூர்ந்துகொண்டிருக்கும்போதே, டொக்டருக்குக் கொஞ்சம் களைப்பு, நாளைக்கு வேலைக்கு வந்துவிடுவார் என்று கூசாமல் சொல்லிப் பிழைத்தேன்.