மொட்டைக் கோபுரத்தின் தெய்வ விகிதம்

தென்காசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவந்த பால்வண்ணநாதனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. பகா எண்கள் எவ்வளவு தூரம் போனாலும் தீராது என்பதை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற தமிழில், படிப்படியாக நிறுவிப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். மூன்று வருஷ உழைப்பு. அது அச்சில் வந்துவிட வேண்டும். வேறு எதையும் அவர் விரும்பியதாக மனைவி மங்களேஸ்வரிக்கே தெரியாது.

1956 சாரலின்போது மெட்ராஸ் வாரப்பத்திரிகைக்காரர் ஒருவர் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார். விஞ்ஞானப் பகுதி எழுதுகிறவர். வாரம் ஒரு அதிசயம் கிடைக்காவிட்டால் பிழைப்பு ஓடாது. பூவிலும் சங்கிலும் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படும் ‘தெய்வ விகிதம்’, அதாவது ஒன்று புள்ளி ஆறு, நம் கோயில்களிலும் இருந்தே தீரவேண்டும் என்று அவர் ஐந்தருவியில் நனைந்துகொண்டே முடிவு கட்டிவிட்டார். அளக்க ஒரு கணக்கு வாத்தியார் வேண்டும் என்று தென்காசிக்கு வந்தார். பால்வண்ணநாதன் பன்னிரண்டு பக்கத்தையும் நீட்டினார். புரட்டிக்கூடப் பார்க்காமல் பிரமாதம் என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டார் அந்த மகானுபாவர்.

அந்தக் காலத்தில் தென்காசிக் கோபுரம் மொட்டைக் கோபுரம். மேல்நிலைகள் எப்போதோ போய்விட்டன. மிச்சம் பிளந்து நின்றது. மெட்ராஸ்காரர் அதையே முழுக் கோபுரமாக வைத்துக்கொண்டார். நிழலை வைத்து உயரம் கண்டு, அடி அகலத்தால் வகுத்தால் ஒன்றேகால்கூடத் தேறவில்லை. மனிதர் அசரவில்லை. அடி அகலத்தை விட்டுவிட்டு, மேலே குறுகுகிற இடத்தின் அகலத்தைக் கண்மதிப்பாகப் போட்டார். ஒன்று புள்ளி ஆறு சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த வாத்தியார், தன் பன்னிரண்டு பக்கம் கிடந்த பையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல?

அடுத்த மாதம் கட்டுரை வந்தது. முன்னோரின் தெய்வக் கணிதத்தைத் ‘தென்காசிக் கணித மேதை பால்வண்ணநாதன் அளந்து உறுதிசெய்தார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பன்னிரண்டு பக்கம் தனித் தபாலில் திரும்பி வந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லையே என்று கூடவே ஒரு துண்டுக் கடிதம்.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. சலூன் சுவரில்கூடக் கட்டுரையை ஒட்டினார்கள்.

கோபுரத்தை எடுத்துக் கட்டுவதுபற்றி ஊர்க்கூட்டம் நடந்தது. செங்கல் சூளை குற்றாலிங்கம் போன வருஷக் கூட்டத்தில், வேண்டிய செங்கல் அத்தனையும் தன் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அன்று முதல் கோயில் தெருப்பக்கமே வராதவர். இந்தத் தடவை முதல் ஆளாக வந்து பத்திரிகையை விரித்தார். இந்த உயரம்தான் தெய்வ விகிதமாம். இதற்குமேல் ஒரு செங்கல் வைத்தாலும் முன்னோர் கணக்கைக் கெடுத்த பாவமாம். கூட்டம் தலையாட்டியது.

பால்வண்ணநாதன் எழுந்தார். அது கட்டினவன் வைத்த உயரமல்ல, இடிந்து நின்ற உயரம் என்றார். யாரும் கேட்பதாக இல்லை. கையோடு கொண்டுவந்திருந்த நாடாவை எடுத்துக் குற்றாலிங்கத்தையே அளந்தார். உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்தால் ஒன்றரை. தலைப்பாகையோடு சேர்த்தால் ஒன்று புள்ளி ஆறு. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை நம் இஷ்டத்துக்கு விட்டால் எருமை மாட்டிலும் தெய்வம் தெரியும் என்றார். கூட்டம் சிரித்தது.

குற்றாலிங்கம் கோபப்படவில்லை. “கோபுரத்தை அளக்கும்போதே இது தப்புன்னு தெரியுமா, சார்வாள்?”

“தெரியும்.”

“பெறகு ஏன் அங்கனயே சொல்லல?”

“என் கட்டுரையப் போடுவாருன்னு நெனைச்சேன், அண்ணாச்சி.”

“அப்போ நமக்குள்ள என்ன வித்தியாசம்? நீங்க காகிதத்துக்காக ஒத்துக்கிட்டீங்க. நான் செங்கலுக்காக ஒத்துக்கிடுதேன்.”

பால்வண்ணநாதன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வருஷம் செங்கல் வரவில்லை.