கேட்கக் கூடாத கேள்வியும் ஒரு சரம் பவளமும்

பழைய பவளம் வாங்கப் போகிறவன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அதைக் கேட்டால் அடி விழும். "தாயி, உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரா?" என்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும். வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைத்த அன்பர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் வந்து இத்தாலிச் சரக்கு நின்றதும், போடி கடைத்தெருவில் புதுப் பவளம் கண்ணில் படாமல் போயிற்று. என்னைப் போன்றவர்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பழைய சரம் தேடி அலைந்தோம். அந்தச் சமயத்தில்தான் பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்தக் குடும்பத்தில் தாலிக்கு இருபுறமும் பவளம் கோப்பார்கள். அதுவும் ஒரு சுமங்கலியின் கழுத்தில் கிடந்த பவளமாக இருக்க வேண்டும். மணப்பெண் ராஜாத்திக்குத் தாயில்லை. வளர்த்த அத்தை காமாட்சியம்மாள் இதை என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தப்பித் தவறி ஒரு கைம்பெண்ணின் பவளம் அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? என் வியாபாரம் போவது இருக்கட்டும், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

கோம்பை வீட்டில்

கோம்பையில் ஒரு வீட்டில் நல்ல சரம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் நாய். கோம்பை நாயைப் பற்றித் தெரிந்தவர்கள் என் நிலைமையைப் புரிந்துகொள்வார்கள். நான் மதிலோடு ஒட்டி நின்றபடி, "வீட்டுல பெரியவுக யாரும் இருக்காகளா?" என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். கேட்க முடியாத கேள்வியை நாங்கள் இப்படித்தான் கேட்போம். அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து, "யாருடீ அது?" என்று ஓர் அதட்டல் வந்தது. கணவர்! அந்தக் குரலைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட அந்நிய ஆண் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. சரத்தை வாங்கி, ஒரு முத்தின் துளையோரம், வெளியே தெரியாத இடத்தில், எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டேன். நிஜப் பவளம் என்றால் மெல்ல நுரைக்கும். இது அசையாமல் இருந்தது. புருஷன் நிஜம், பவளம் கண்ணாடி. பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அந்த அம்மாள் சரத்தைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்: "எங்க ஆத்தா பவளம்னுதேன் குடுத்துச்சு, நானும் பவளம்னுதேன் போட்டிருக்கேன். உங்க எலுமிச்சங்காய்க்கு மட்டுந்தேன் இது கண்ணாடி!"

கூடலூரில் கிடைத்த சரம்

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. கூடலூரில் ஒருவர் சரம் விற்கிறார் என்று தகவல் வந்ததும் ஓடினேன். அவருடைய அக்காளின் பவளமாம். அக்கா வெளியே போயிருந்தாள். துளி விட்டதும் நுரைத்தது. நல்ல ரத்தச் சிவப்பு. நாள்பட்ட அழுக்கு ஏறியிருந்ததே தவிர ஒரு முத்தில்கூடக் கீறல் இல்லை. இவ்வளவு லட்சணமான சரத்தைப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது.

வாங்கி மடியில் முடிந்துகொண்ட பிறகுதான் கேள்வி தொண்டைக்கு வந்தது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எங்கே பதில் வேறு மாதிரி வந்து சரம் கைநழுவிவிடுமோ என்ற பயம்தான் வாயைக் கட்டிவிட்டது. கிளம்புகிற சாக்கில், "உங்க மச்சான் சௌக்கியமா இருக்காகளா?" என்று விசாரித்தேன். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் முகம் கறுத்துவிட்டது. "அந்தாளப் பத்தி மட்டும் இந்த வீட்டுல பேசாதீகண்ணே."

வீட்டில் நடந்த கூத்து

போடிக்கு வந்து சேரும்வரை அந்த வார்த்தையையே மென்றுகொண்டு வந்தேன். செத்தவரைப் பற்றி அப்படிச் சொல்வார்களா? இருக்கிறவரைப் பற்றித்தான் சொல்வார்களா? விடிந்து எழுந்து பின்கட்டுக்குப் போனால், என் மனைவி சரத்தைப் புளித்தண்ணீரில் ஊறவைத்திருக்கிறாள்! குத்துவிளக்குக்கும் செம்புக்கும் செய்கிற அதே உபசாரம். கல்யாண வீட்டுக்குப் போகிற சாமான் அழுக்காக இருக்கிறதே என்ற நல்லெண்ணம்தான். பவளத்துக்குப் புளிப்பு ஆகாது. எடுத்துப் பார்த்தால் மினுமினுப்பு போய், சுண்ணாம்பு பூசியது போல வெளிறிக் கிடந்தது.

தாண்டிக் குதித்தேன். அவள் நல்லெண்ணெயும் பழைய மல் துணியும் கொண்டுவந்து, என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு முத்தாகத் தேய்த்தாள். முக்கால்வாசிப் பளபளப்பு திரும்பியது. என் முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை. கூடலூர்க் கதையை ஏற்கெனவே கேட்டிருந்தவள் கடைசியில் சொன்னாள்: "கேக்க வேண்டியத அங்கன கேக்காம வந்துட்டு, இங்கன வந்து புளியத் திட்டுறீகளே!"

மறுபடியும் கூடலூர்

சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடிய பஸ்ஸைப் பிடித்து, வழி நெடுக இருமிக்கொண்டு கூடலூர் போய்ச் சேர்ந்தேன். இந்தத் தடவை அக்காளே வீட்டில் இருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "உயிரோடதேன் இருக்காரு. வண்டிப்பெரியாறு பக்கம் இன்னொருத்தியோட குடித்தனம் நடத்துறாரு" என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு தையல் மெஷின். கடனுக்கு வாங்கியிருந்ததை, பவளம் விற்ற பணத்தில்தான் பறிபோகாமல் காப்பாற்றியிருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிறாளாம். "திருப்பிக் குடுத்துராதீகண்ணே, மெஷின் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஒரு பெண்ணுக்காகப் பயந்து வந்தவன், இப்போது இரண்டு பேருக்காகப் பயந்துகொண்டு எழுந்தேன். அவள் வாசல்வரை வந்தாள். "பவளத்தப் பத்தி இத்தனை தூரம் விசாரிக்க வந்தீகளே, அந்தக் கல்யாண வீட்டுல மாப்பிள்ளையப் பத்தி இதுல பாதியாச்சும் விசாரிச்சாகளா?"

கல்யாண வீடு

"சுமங்கலி போட்டதுதான?" என்று காமாட்சியம்மாள் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்; அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வண்டிப்பெரியாறு, மெஷின், அவள் கேட்ட கேள்வி எதையும் விடவில்லை. காமாட்சியம்மாள் சரத்தை என் பக்கமே தள்ளிவிட்டார். "வாழாவெட்டி போட்டதையா எம்புள்ள கழுத்துல கோக்கச் சொல்றீரு?"

நான் மெஷினை நினைத்துக்கொண்டு சரத்தை எடுக்கக் கை நீட்டினேன். கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மணப்பெண் ராஜாத்தி வந்து, எனக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டாள். அத்தை எவ்வளவோ மல்லுக்கு நின்று பார்த்தார். அவள் கையை விரிக்கவே இல்லை. கடைசியில் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு, அத்தையே எழுந்து போய் நூலை எடுத்துவந்தார். "பொட்டுக்கும் ஆகும், பொழப்புக்கும் ஆகும்னு தெரிஞ்ச பவளம் இது ஒண்ணுதேன் அத்தை, இதையே கோத்துருங்க."

பவளக்காரன் பிழைப்பு இவ்வளவுதான்: கல்யாணச் சாப்பாட்டுக்கு என்னை முதல் பந்தியிலேயே உட்காரவைத்தார்கள், ஆனால் எதிரே நின்ற மாப்பிள்ளையின் முகத்தையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்ததில், இலையில் என்ன விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.