டீ கிளாஸ் வைத்த பலகை

திண்டுக்கல்லில் பாய்மரப் படகு வைத்திருக்கும் ஒரே ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். தண்ணி லாரியைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் படகு எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவுக்கு மோட்டார் பார்க்கப் போனபோது, கார் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் ஃபைபர் படகு ஒன்று துருப்பிடித்த டிரெய்லரோடு கிடந்தது. "காத்து எதுக்க அடிச்சாலும் எதுக்கவே போகும் சார்" என்றார் வாட்ச்மேன். அதெப்படிப் போகும்? அந்த ஒரு கேள்விக்காகத்தான் அதைக் கேட்டு வாங்கி வந்தேன்.

வீட்டில் திட்டு விழும் என்று பயந்தேன். என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. படகைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். "எங்கூர்ல பொம்பளைய வள்ளத்துல ஏத்த மாட்டாங்க. கல்யாணம் வரைக்கும் கரையில நின்னு பாத்ததோட சரி. இதுல எனக்கு ஒரே ஒரு தடவ பாய் விரிச்சுப் போகணுங்க" என்றாள். இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வருடம் நல்ல மழை. குஜிலியம்பாறை சாலையில் இருக்கும் குளம் நிரம்பியிருந்தது. அது நிரம்புவதே அபூர்வம். வெயில் ஏறினால் வற்றிவிடும். அதற்குள் அவளைக் கூட்டிப் போயாக வேண்டும்.

டிரெய்லரை டிராக்டர் வேலை செய்யும் பட்டறையில் விட்டேன். அவர்கள் நெல் மூட்டை ஏற்றும் கணக்கில் ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். எடையில்லாத படகு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் துள்ளியது. மூன்று மூட்டை மணல் போட்ட பிறகுதான் அடங்கியது.

படகில் விரிசல் பார்த்து ஒட்டிக் கொடுத்தவன் என் பள்ளிக்கூட நண்பன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளில் விரிசல் ஒட்டுவது அவன் தொழில். கவிழ்த்துப் போட்டதும் அடியில், நட்டநடுவில், நீளமாக ஒரு பிளவு தெரிந்தது. "மாப்ள, இம்புட்டுப் பெரிய ஓட்டையா! எவன்டா இத வச்சு ஓட்டுனான்?" என்று இரண்டு கோட்டு ஃபைபர் வைத்து அடைத்தான். கோடு போட்டு வெட்டியதுபோல ஓர் ஓட்டை தானாக எப்படி விழும் என்று எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் தொட்டி ஒட்டுகிறவனிடம் ஓட்டையைப் பற்றி வாதாட முடியுமா? படகோடு வந்த சாமான்களில், ஒரு முனை வளைந்த பலகை மட்டும் மிச்சமிருந்தது. எங்கே வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை. கடையில் டீ கிளாஸ் வைக்க வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். வழியில் டீக்கடையில் நின்றபோது ஒருவர், "எந்தக் கட்சிச் சின்னம் சார்?" என்று கேட்டார். குளத்தில் படகை இறக்கியதும் மனைவி சேலையைத் தூக்கிச் செருகினாள். நான் தடுத்தேன். "நீ கரையில இரு. மொதல்ல நாங்க பாத்துட்டு வாரோம்." அவள் செருகிய சேலையை இறக்கிவிட்டாள். எங்கள் போனையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பாயை ஏற்றினோம். படகு முன்னால் போகவில்லை, பக்கவாட்டில் போனது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நழுவி நழுவி, கடைசியில் எதிர்க்கரைச் சீமைக்கருவேல முள்ளில் போய் நின்றது. கையெல்லாம் கீறலோடு படகை இழுத்துக்கொண்டு வந்தோம்.

"நண்டு மாதிரி போறீங்க" என்று சிரித்தாள். "எங்கூர்ல பக்கத்துல ஒரு பலகைய தண்ணிக்குள்ள இறக்கிப் பிடிப்பாங்க. அது பக்கவாட்டுல நழுவ விடாது. அப்புறம் வள்ளம் முன்னால போய்த்தானே ஆகணும்? காத்து எதுக்க அடிச்சா சாய்ஞ்சு சாய்ஞ்சு ஏறும். இதுல அப்படிப் பலகையே இல்லியா?"

நானும் நண்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பலகை கடையில் இருந்தது. அது இறங்க வேண்டிய இடத்தைத்தான் அவன் இரண்டு கோட்டு வைத்து அடைத்திருந்தான். என் கேள்விக்குப் பதில் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அவளிடம் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாகிவிட்டது.

அடைத்த இடத்தை மறுபடி மெஷின் வைத்து வெட்டித் திறந்து, ஓரம் தேய்த்து முடிக்க இரண்டு வாரமாயிற்று. மறுபடி மூவரும் குளத்துக்குப் போனபோது தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. பலகை பிளவுக்குள் கச்சிதமாக இறங்கியது. நான் ஏறக் காலைத் தூக்கினேன்.

"நீங்க கரையில இருங்க. மொதல்ல நான் பாத்துட்டு வாரேன்" என்று போனையும் செருப்பையும் என்னிடம் நீட்டினாள்.

முதலில் தடுமாறினாள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒருமுறை சாய்ந்தபோது எனக்கு உயிரே இல்லை. பிறகு படகு நிதானப்பட்டது. காற்றோடு எதிர்க்கரை வரை போய்த் திரும்பியவள், எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எங்களை நோக்கி ஏறி வந்தாள். "எதுக்க வருது மாப்ள!" என்று நண்பன் கத்தினான். அது எப்படி என்று கவனிக்கத்தான் இத்தனை பாடும் பட்டேன். நான் அவள் முகத்தை மட்டும்தான் பார்த்தேன்.

கரைக்குப் பக்கத்தில் வந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கை நீட்டினேன்.

"இன்னும் ஒரு சுத்து" என்று படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.