தூணுக்குப் பின்னால் இருந்த கேமரா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கிள்ளான் வீட்டில் ஒரு டிவி நிகழ்ச்சி தவறாமல் ஓடும். தெருவில் போகிறவர்களை ஏமாற்றி, அவர்கள் திருதிருவென்று முழிப்பதை ஒளித்துவைத்த கேமராவில் பிடித்துக் காட்டுவார்கள். நூல் கட்டிய பர்ஸை ஒருவர் குனிந்து எடுக்கப் போவார், பர்ஸ் நகர்ந்துவிடும். தபால்பெட்டி பேசும். கணவன் மனைவியைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற நிகழ்ச்சி, கல்யாண மாப்பிள்ளை வழுக்கி விழுகிற வீடியோக்களாகப் போடும் நிகழ்ச்சி என்று வேறு சிலவும் வந்தன. என் கணவருக்கு அதெல்லாம் பிடிக்காது. ஆளை ஏமாற்றுவதுதான் வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

பள்ளி விடுமுறை முடியப்போகிற சமயம். பிள்ளைகள் மூவரையும் பிரிக்பீல்ட்ஸில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, அவர்கள் பள்ளிக்குக் காலில் போட்டுப்போகச் சப்பாத்து வாங்க நாங்கள் இருவரும் ஒரு பெரிய கம்ப்ளெக்ஸுக்குப் போனோம். அவர் கடைக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஓர் இளம் மலாய்ப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். "அக்கா, கொஞ்ச நேரம் பிடிங்க, டாய்லெட் போயிட்டு வந்துடுறேன்" என்று மலாயில் சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஐந்தாறு மாத ஆண் குழந்தை, நல்ல தூக்கத்தில் இருந்தது.

அவர் சப்பாத்துப் பெட்டிகளோடு வெளியே வந்தார். "யாரு புள்ள இது?"

"ஒரு பொண்ணு பிடிக்கச் சொல்லிட்டுப் போச்சு. இப்ப வந்துடும்."

வரவில்லை. எழுந்துபோய் டாய்லெட்டில் பார்த்தேன். யாருமில்லை. அவர் வாசலில் நின்ற ஜாகாவிடம் போய்ச் சொன்னார். "தேடுறோம், நீங்க அங்கேயே இருங்க" என்று சொல்லி அந்தக் காவலாளி திரும்பி நின்றுகொண்டாராம்.

குழந்தை விழித்து வீரிட்டது. பேப்பரில் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பள்ளிவாசல் படியில் விட்டுப்போன குழந்தை, பஸ் நிலையத்தில் துண்டில் சுற்றிக் கிடந்த குழந்தை.

"அந்தப் பொண்ணு அழுத மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"தெரியலங்க. நான் மூஞ்சியையே சரியா பார்க்கல."

அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எங்கள் பிள்ளைகளைக்கூட அவர் அப்படித் தூக்கி நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. சட்டையெல்லாம் எச்சில்.

"வா, போலீஸ் ஸ்டேஷன் போவோம். ஆனா இவன அங்க விட்டுட்டு வரமாட்டேன். ஆளு வர்ற வரைக்கும் நானும் உக்காந்திருப்பேன்."

"யாரும் வரலைன்னா?"

குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "வரலைன்னா, நம்மகிட்ட குடுப்பாங்களான்னு கேட்டுப் பார்ப்போம்லா."

நாங்கள் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஒருவன் மைக்கோடு குதித்து முன்னால் வந்தான். தூணைக் காட்டினான். அங்கே கேமரா இருந்தது. வாரா வாரம் பார்க்கிற மனிதர், பாவம், அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. எனக்கும் கேமரா கண்ணில் நிற்கவில்லை. அதன் பின்னாலிருந்து அந்தப் பெண் ஓடிவந்தாள். குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, சட்டென்று அழுகையை நிறுத்தியது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா இருக்கா, இவனுக்கு அம்மா இருக்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது.

மைக்காரன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னான். என் கணவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணிடம், "முதல்ல பால் குடும்மா, பசியில கத்திட்டான்" என்றார் மலாயில். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒளிபரப்பலாமா என்று மைக்காரன் கேட்டபோது, "என் சம்சாரம் அழுததப் பார்த்து ஊரு சிரிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் கடைசிவரை போடவில்லை.

பஸ்ஸுக்காக நின்றோம். அவர் திடீரென்று சிரித்தார். "நாலாவதா ஒரு ஜோடி சப்பாத்து வாங்கப் போயிருப்பேன், பாரு!"

அப்போது அந்தப் பெண் குழந்தையோடு தேடிக்கொண்டு வந்தாள். "இவ்வளவு நேரம் இழுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது அங்கிள். மன்னிச்சிடுங்க." பால் குடித்த குழந்தை முழித்துக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டினார். அவள் தயங்காமல் கொடுத்தாள். அவன் அவருடைய மூக்குக்கண்ணாடியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். பஸ் வந்து நின்றது.

"அடுத்த பஸ்ல போவோம்" என்றார்.