நாலு பேருக்கு ஒரு லைன்

கண்ணாடி அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. அந்த வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தன், லாரி டிரைவர், விளம்பரக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான். எங்களில் மூத்தவர், கல்யாணமானவர், இல்லை என்று சொல்லத் தெரியாதவர், மூன்றும் அண்ணன் ஒருவர்தான்.

டெலிபோன் அவர் பெயரில் இருந்தது. மோடம் வைத்த பழைய கம்ப்யூட்டரும் அவருடையதே. கடை முதலாளி கழித்துக்கட்டியதைத் தூக்கி வந்திருந்தார். மற்ற மூவரிடமும் ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரே இணைப்பை எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஹப் ஒன்றை நர்ஸ் எங்கிருந்தோ கொண்டு வந்தான். சுவரோரமாக வயர் இழுத்து, கதவிடுக்கில் நுழைத்து, கால் தட்டாமலிருக்க மேலே ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டினோம். அன்று முதல் அண்ணன் கம்ப்யூட்டர் ஓடினால் எல்லோருக்கும் இன்டர்நெட். ஒருத்தன் பாட்டு இறக்கினால் மற்றவனுக்குப் படம் பாதி முகத்தோடு நின்றுவிடும். "எவன்டா மொத்தத்தையும் இழுக்கிறது?" என்று அறைக்கு அறை கத்துவோம். இன்றைக்கும் அந்தக் கத்தலுக்கு மனசு ஏங்குகிறது. சண்டை போடவாவது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

ஒரே ஒரு சங்கடம். டெலிபோன் லைன் வழியாகவே இன்டர்நெட் வந்ததால், அது ஓடும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு; நடுவில் யாராவது ரிசீவரை எடுத்தாலோ இன்டர்நெட் அறுந்துவிடும். அண்ணி இரண்டு வயது மகளோடு வேறு ஊரில், தன் அப்பா வீட்டில் இருந்தார். அங்கே போன் கிடையாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு பூத்திலிருந்து கூப்பிடுவார். மூன்றே முக்காலுக்கே அண்ணன் என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"தம்பி, முடிஞ்சுதா?"

"பத்து நிமிஷம்ணா. தொண்ணூறு சதவீதம் இறங்கிடுச்சு."

"சரி சரி, பாத்துக்கோ."

நான் முடித்தால் டிரைவர் ஆரம்பிப்பான். இப்படியே ஐந்து வாரம் போனது.

அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. 'மணிக்கணக்காக யாரிடம் பேசுகிறீர்கள்? அவள் யார்?' பேசுவது நானில்லை, கம்ப்யூட்டர் என்று அண்ணன் பதில் எழுதினார். "கம்ப்யூட்டர் பேசுதாம்! மாப்பிள்ளை நம்ம காதுல பூ சுத்துறாரு" என்று மாமனார் குதித்ததாக அடுத்த கடிதம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனதைப் பார்த்த பிறகும் சிரித்தோம். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த ஞாயிறு அண்ணி நேரிலேயே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கூப்பிட்டிருக்கிறார், எங்கேஜ்டு. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று படியேறி வந்தால், அண்ணன் பால்கனியில் துணி பிழிந்துகொண்டிருக்கிறார். போன் மேஜையில் சும்மா கிடக்கிறது. அந்த 'அவள்' இன்னும் லைனில்தான் இருப்பாள் என்று அண்ணி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். கர்ரென்று ஒரே இரைச்சல்.

அடுத்த நொடி மூன்று கதவுகள் திறந்தன. "எந்த மடையன்டா போனை எடுத்தது?" என்று பாய்ந்து வந்த மூன்று பேரும், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்ணைப் பார்த்து ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றோம்.

அண்ணி எங்களைப் பார்த்தார். சுவரோரம் ஓடிய வயர்களைப் பார்த்தார்.

"இவங்கதானா அவ?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாரா வாரம் பூத்துல நின்னேன். ஒரு தடவை இவங்கள நிறுத்தச் சொல்லக் கூடாதா?"

ஈரக் கையோடு நின்ற அண்ணன் தயங்கினார். "பசங்க ஆசையா பாத்துக்கிட்டு இருந்தாங்க..."

"நானும் ஆசையாத்தான் வந்து நின்னேன்."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே தனி வீடு பார்த்து இருவரையும் அழைத்துக்கொண்டார். அவர் சந்தோஷமாகத்தான் போனார். எனக்குத்தான் அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.